ரதத்துக்கு ஒரு டியூனர்

மெராந்தி தோட்டத்து மாரியம்மன் ரதத்தை எங்கள் வீட்டு வண்டிதான் இழுக்கும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. விவரம் தெரியாமல் சிலர் பேசுகிறார்கள் என்பதால் சொல்கிறேன். என் தாத்தா காலத்தில் எங்கள் வீட்டு மாடுகள் இழுத்தன. அப்பா மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தபோது அந்த மாடுகளின் கன்றுகள் இழுத்தன. தோட்டத்தில் இனி மாடு வளர்க்கக் கூடாது என்று துரை உத்தரவு போட்ட பிறகு என்னுடைய டீசல் பிக்கப் இழுத்தது. ரதம் கோயிலுக்குத் திரும்பியதும், இழுத்த வீட்டுக்காரன் தலையில் பண்டாரம் பரிவட்டம் கட்டுவார். மூன்று தலைமுறையாக அந்தப் பட்டுத்துணி எங்கள் தலையைத் தவிர வேறு தலையைக் கண்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டுத் திருவிழாவில் கண்டுவிட்டது.

எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்ல எதுவும் கிடையாது. ஜெராமிலிருந்து கோலசிலாங்கூர் வரை நிலம் தோசைக்கல் போலக் கிடக்கும். தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் பாரிட், அதாவது கடலுக்குத் தண்ணீர் வடியும் பெரிய வாய்க்கால், அதன்மேல் உள்ள பாலம் மட்டும் கூன்முதுகு போல எழும்பி நிற்கும். அந்த ஆண்டு பாலத்தின் ஏற்றத்தில் என் பிக்கப் நின்றுவிட்டது. கிளட்ச் தீய்ந்த நாற்றம் சாம்பிராணியை மீறி வந்தது. செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரன் சேதுவின் டிராக்டரை ஓட்டிவந்து முன்னால் கட்டினார்கள். டிராக்டர் என் பிக்கப்பை இழுத்தது. என் பிக்கப் ரதத்தை இழுப்பது போலப் பாவனை செய்தது. பரிவட்டம் சேதுவின் தலைக்குப் போனது. அவன் தலை சிறியது. துணி காதுவரை இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி லீலாவதி கேட்டாள்.

"ரதத்துல யாரு யாரு உக்காந்திருந்தாங்கன்னு பாத்தீங்களா?"

"அம்மன்."

"அம்மனுக்கு முன்னால?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"அம்மனையும் பண்டாரத்தையும் தவிர அத்தன பேரும் அன்னதானத்துல ரெண்டு பந்தி உக்காருறவங்க. எறக்கி விடுங்க. வண்டி தானா ஏறும்."

இதை விளக்க வேண்டும். என் அப்பா காலத்தில் ரதத்தில் அம்மனும் பண்டாரமும்தான் போவார்கள். பிறகு தலைவர் ஏறினார். தலைவர் ஏறியதால் செயலாளர் ஏறினார். செயலாளர் ஏறினால் பொருளாளர் எப்படிக் கீழே நடப்பார்? எங்கள் கோயில் நிர்வாக சபைக்கு ஆண்டுதோறும் தேர்தல் நடக்கும். தோற்றவர் கோபித்துக்கொண்டு அடுத்த லயத்தில், அதாவது அடுத்த தொழிலாளர் வீட்டு வரிசையில், வேறு கோயில் கட்டிவிடுவார் என்ற பயத்தில், தோற்றவருக்கும் ஒரு பதவி கொடுப்பது வழக்கம். இப்படித் துணைத் தலைவர், உதவித் தலைவர், இணைத் தலைவர், கௌரவ ஆலோசகர், கௌரவ ஆலோசகருக்குத் துணை என்று சபை வளர்ந்தது. அவர்கள் உட்கார ரதத்தின் முன்பக்கம் இரும்புப் பெஞ்சுகள் அடித்து, பெஞ்சுக்கு மெத்தையும் வைத்தார்கள். எண்பத்தைந்தில் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மன் பின்னால் உயரத்தில் இருந்தாள். முன்னால் இருந்து பார்த்தால் கிரீடம் மட்டும் தெரியும்.

சபைக் கூட்டத்தில் லீலாவதி சொன்னதை என் கருத்தாக எழுந்து நின்று சொன்னேன். தலைவர் நல்லசாமி கண்ணாடியைக் கழற்றினார். அவர் தமக்குப் பேச்சு வராது என்று சொல்லிவிட்டுத்தான் எப்போதும் பேசத் தொடங்குவார்.

"எனக்குப் பேச வராது. ஆனா ஒண்ணு கேக்குறேன். நான் ரதத்துல ஏறி உக்காருறது எனக்காகவா? கீழ நின்னா நான் அம்மனப் பாப்பேன். மேல உக்காந்தாத்தான் ஜனங்க என்னப் பாக்க முடியும். வருஷத்துக்கு ஒரு நாள். அந்தப் பாக்கியத்த ஜனங்களுக்கு நான் மறுக்கலாமா?"

கைதட்டல் அடங்க நேரமானது. தட்டியவர்கள் எல்லோரும் பெஞ்சில் உட்காருகிறவர்கள்.

செயலாளர் பாலகிருஷ்ணன் எழுந்தார். அவர் ரவாங் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். "உமாபதி அண்ணே, நீங்க பெரியவரு. ஆனா இது சயின்ஸ். எடைங்கிறது ரதத்துல இல்ல, வண்டியில இருக்கு. வண்டி ஸ்ட்ரோங்கா இருந்தா எடையே கெடையாது லா."

"மாடு இழுத்த காலத்துல..." என்று தொடங்கினேன்.

"மாட்டுக்கு அப்கிரேட் கெடையாது. டீசலுக்கு இருக்கு. டியூனர்னு சொல்வாங்க. எஞ்சினுக்குப் போற டீசல கூட்டிக் கொடுக்கும். பவர் ஏறும்."

ஒரு தவணை கொடுத்தார்கள். வரும் திருவிழாவுக்குள் என் பிக்கப்புக்கு டியூனர் பொருத்த வேண்டும். பாலம் ஏறினால் உரிமை எங்களுக்கு. ஏறாவிட்டால் சேதுவுக்கு. டியூனரைத் தேர்ந்தெடுக்கச் சக்தி மேம்பாட்டுத் துணைக்குழு அமைக்கப்பட்டது. என் வண்டிக்குப் பொருத்தும் பொருளைப் பற்றிய குழுவில் நான் இல்லை. வண்டிக்காரர் இருந்தால் நடுநிலை கெடும் என்றார்கள். அதனால் நான் அவர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஓட்டுநராக மட்டும் இருந்தேன்.

முதலில் பாசிர் பெனம்பாங் போனோம். மீன்பிடிப் படகுகளின் டீசல் எஞ்சின்களைப் பார்க்கிற ஆ ஹோக் என்ற தவுக்கே, சீன முதலாளி, படகுத்துறையிலேயே பட்டறை வைத்திருந்தான். பிக்கப்பின் மூடியைத் திறந்து, டீசல் பம்பில் ஒரு திருகாணியைக் காட்டினான். அதைக் கொஞ்சம் திருப்பினால் போதும் என்றான். "சிக்கிட் சாஜா." கொஞ்சம்தான். அதற்கு மேல் திருப்பினால் புகைதான் வரும் என்று கையைக் காற்றில் விரித்துக் காட்டினான்.

குழு ஒதுங்கி நின்று ஆலோசித்தது.

"சிங்லெட் போட்டிருக்கான்" என்றார் உதவித் தலைவர், அவன் பனியனைக் காட்டி.

"அது பரவால்ல" என்றார் பாலகிருஷ்ணன். "திருகாணியத் திருப்புனா வெளிய என்னா தெரியும்? நாளைக்கு ஒருத்தன் வந்து சபை என்னா செஞ்சுச்சுன்னு கேட்டா, மூடியத் தொறந்து திருகாணியக் காட்டுறதா?"

கிளம்பிவிட்டோம். இறால் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்தது கோலசிலாங்கூர் டவுனில் ஹபீபுல்லா பாய் கடை. வண்டிச் சாமான் விற்பவர். எல்லோருக்கும் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ, சொன்னார். அவரிடம் டர்போ இருந்தது.

"ரதம் எவ்வளவு வேகம் போவணும்?" என்று கேட்டார்.

"நாதஸ்வரக்காரரு நடக்குற வேகம்" என்றேன்.

பாய் டர்போவை மறுபடியும் பெட்டிக்குள் வைத்தார். "இது ஹைவேயில ஓடுற வண்டிக்கு. எஞ்சின் வேகமாச் சுத்துனாத்தான் இது வேல செய்யும். நடக்குற வேகத்துக்கு இது எதுக்கு? காச வீணாக்காதீங்க."

வெளியே வந்ததும் கௌரவ ஆலோசகர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "விக்கவே மாட்டேங்குறாரு பாத்தீங்களா? சாமான்ல என்னமோ கோளாறு இருக்கு."

மூன்றாவது டியூனர் எங்களைத் தேடி வந்தது. கிள்ளானிலிருந்து தங்கமணி என்ற விற்பனையாளர், கழுத்தில் டையுடன், கோயில் மண்டபத்திலேயே திரை கட்டிப் படம் போட்டுக் காட்டினார். சிவப்புப் பெட்டி. முகப்பில் வரிசையாக விளக்குகள். நடுவில் ஒரு குமிழ். பெட்டியை ஓட்டுநர் பக்கத்தில் மாட்டி, அதிலிருந்து ஒரு கேபிளைப் பம்பின் திருகாணியில் இணைத்துவிட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்தே திருகாணியைத் திருப்பலாம். ஆ ஹோக் காட்டிய அதே திருகாணி. குமிழில் ஒன்று முதல் ஒன்பது வரை படிகள்.

"ஒம்போதா?" என்றார் தலைவர். நிமிர்ந்து உட்கார்ந்தார். "நவக்கிரகம்."

தங்கமணி ஒரு நொடி விழித்தார். வியாபாரி அல்லவா? "ஆமாங்க. அத வச்சுத்தான் செஞ்சிருக்காங்க."

ஆனால் மனிதர் முழுப் பொய்யர் அல்ல. பெட்டியைப் பொருத்தும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: "மூணுக்கு மேல போவாதீங்கய்யா. எஞ்சினால எரிக்க முடியாத டீசல் கரும்புகையா வெளிய வரும்." விலை என்ன என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. அது கோயில் பணம்.

டியூனர் வந்ததும் அதற்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி வந்தது. குமிழை நான் திருப்பினால் அது தனிமனித ஆதிக்கம் ஆகிவிடுமாம். டியூனர் பொறுப்பாளர் என்று ஒரு பதவியை உருவாக்கி, தேர்தலில் தோற்றிருந்த செல்லனுக்குக் கொடுத்தார்கள். செல்லன் தனியாக முடிவெடுக்கக்கூடாது என்பதற்காகத் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவர். இருவரும் என் பக்கத்தில் உட்காருவார்கள். தலைவரின் உத்தரவைப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்கத் துணைப் பொறுப்பாளர் ஒருவர் ரதத்தில் விசிலோடு இருப்பார். ஒரு விசில் என்றால் ஒரு படி கூட்டலாம். எடையைச் சமாளிக்க வந்த கருவி, வந்த அன்றே மூன்று பேரைக் கூட ஏற்றிவிட்டது.

"ஏண்டாப்பா செல்லா, ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது பெரியப்பா. அதனாலதான் எனக்குப் பாரபட்சம் இல்லன்னு தலைவரு சொன்னாரு."

வெள்ளோட்டம் ரதம் இல்லாமல் நடந்தது. ரதத்தை வெளியே எடுக்க நல்ல நாள் இல்லை என்றார்கள். லயத்து ரோட்டில் செல்லன் குமிழை ஐந்துக்குத் திருப்பினான். வண்டி பாய்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். பின்னால் கரும்புகை எழுந்து, லயத்துக் கொடியில் காய்ந்த துணிகளின் மேல் படிந்தது. அந்த லயத்தில் குடியிருக்கும் நல்லம்மாள் கையில் ஒரு சேலையோடு நடுரோட்டுக்கு வந்துவிட்டாள்.

"யோவ்! இது வெள்ளச் சேலைய்யா! என் மாமியா செத்து இன்னும் வருஷம் திரும்பல. கறுப்புச் சேல கட்டிக்கிட்டா நான் காரியம் பண்றது?"

பாலகிருஷ்ணன் வண்டிக் கண்ணாடியை இறக்கி விளக்கினார்: "அக்கா, பொக வருதுன்னா பவர் வருதுன்னு அர்த்தம்."

"அப்ப எங்க வீட்டு அடுப்புதான்டா ஒலகத்துலயே பெரிய எஞ்சினு!"

வெள்ளோட்டம் பெரும் வெற்றி என்று சபையில் அறிவிக்கப்பட்டது. பாலத்தில் எந்தப் படியில் வைப்பது என்பதற்கு வாக்கெடுப்பு நடந்தது. மூன்று என்று நான் சொன்னேன். மூன்று கஞ்சத்தனம் என்றார் பொருளாளர். அம்மனுக்குச் செய்வதில் குறை வைக்கக்கூடாது என்று ஒன்பதுக்குக் கை தூக்கினார்கள். எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் வேண்டும் என்பதைப் பெரும்பான்மை முடிவு செய்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

திருவிழா மாலை. டியூனர் பெட்டிக்குச் சந்தனப்பொட்டு வைத்திருந்தார்கள். பிக்கப்பின் முகப்பில் எங்கள் பழைய மாட்டின் வெண்கல மணியை நான் கட்டினேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பின்னால் ரதம். பெஞ்சுகளில் வெள்ளை ஜிப்பாவும் பட்டு அங்கவஸ்திரமுமாகப் பத்தொன்பதில் இருவர் குறைய நிர்வாகிகள். அந்த இருவர் என்னோடு முன்பக்கம், என் தோளை இடித்துக்கொண்டு.

பாலம் வந்தது. முதல் கியரில் ஏற்றினேன். பாதியில் வண்டி முனகி நின்றது. பிரேக்கை அழுத்திக்கொண்டேன். பின்னால் விசில்.

"ஒரு படி கூட்டுறேன்" என்றான் செல்லன்.

"பொறு. விசில் உத்தரவா, இல்ல கூட்டத்த ஒதுக்குறதுக்கு ஊதுனதா?" என்றார் தொழில்நுட்ப ஆலோசகர்.

செல்லன் இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். உத்தரவுதானாம். அதற்குள் பிரேக்கில் என் கால் மரத்துவிட்டது. பாலத்தின் இரண்டு பக்கமும் சனம். சேது தன் டிராக்டரில் சாய்ந்து நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் வந்தது: "ஒம்போது! ஒம்போதுன்னுதானே முடிவு பண்ணோம்? ஒம்போது வையி!"

செல்லன் குமிழைக் கடைசிவரை முறுக்கினான். எல்லா விளக்கும் எரிந்தன. நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

அப்படி ஒரு புகையை ரப்பர் ஆலைப் புகைக்கூண்டிலும் நான் கண்டதில்லை. திரண்டு, உருண்டு, நேராக இரும்புப் பெஞ்சுகளுக்குள் போனது. அம்மன் உயரத்தில், பின்னால், குடைக்குக் கீழே இருந்ததால் தப்பித்தாள். தலைவர் "அம்மா!" என்று கத்தியது பக்தியினால் அல்ல. ஒருவர் பின் ஒருவராக நிர்வாகிகள் இருமிக்கொண்டு கீழே குதித்தார்கள். கடைசி ஆள் குதித்ததும் வண்டி தன்மேல் கிடந்த மலை உருண்டு விழுந்தது போல நிமிர்ந்தது. மணி கணகணவென்று ஆட, ரதம் பாலத்தின் உச்சிக்குப் போய்விட்டது.

அக்கரையில் நான் எட்டிக் குமிழைக் கீழ்ப்படிக்கு இறக்கினேன். செல்லன் தடுக்கவில்லை. ஊர்வலம் திரும்பும்போதும் அதே பாலம். நிர்வாகிகள் முகம் கழுவப் போயிருந்தார்கள். பெஞ்சுகள் காலி. குமிழ் கீழ்ப்படியில். ரதம் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது. சனம் எல்லாம் பார்த்தது. சேதுவும் பார்த்தான். இனி இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கோயில் வாசலில் தலையைச் சற்றுத் தாழ்த்தி, பரிவட்டத்துக்காக நின்றேன்.

பண்டாரம் அழகேசன் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார். தலைவர் மைக்கை வாங்கினார். காது மடலில் இன்னும் கரி இருந்தது.

"எனக்குப் பேச வராது. இன்னிக்கி ரதம் பாலம் ஏறுனது எதால? போன வருஷமும் இதே பிக்கப்தான். இதே டிரைவர்தான். நின்னு போச்சு. இந்த வருஷம் புதுசா வந்தது எது? டியூனர். அப்ப இழுத்தது எது? டியூனர். மரியாத யாருக்குப் போவணும்?"

டியூனருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். குமிழ் தெரியும்படி இரண்டு சுற்று.

பாலகிருஷ்ணன் மேலும் ஒன்று சொன்னார். டியூனர் கோயில் சொத்து. எந்த வண்டியிலும் மாட்டலாம். அதனால் ரதம் இழுக்கும் உரிமை இனி டியூனருக்கு உரியது. அடுத்த ஆண்டு அதைச் சேதுவின் டிராக்டரில் மாட்டுவது என்றும், சக்தி கூடிவிட்டதால் இன்னும் சிலருக்குப் பதவி தரலாம் என்றும் சபை ஏகமனதாக முடிவு செய்தது. நான் எதிர்த்துக் கை தூக்கினேன். ஒரு கை ஏகமனதைக் கெடுக்காது என்று விளக்கினார்கள்.

அன்றே ஸ்பானர் எடுத்து, பெட்டியைப் பரிவட்டத்தோடு கழற்றி, செல்லன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் சாப்பிடவில்லை.

"தாத்தா, அப்பா, நான். மூணு தலமொற. இப்ப ஒரு தகரப் பெட்டி" என்றேன்.

"பெட்டிக்கு வெக்கம் தெரியாது. அதான் அதுக்குக் கட்டுனாங்க" என்றாள் லீலாவதி.

எண்பத்தேழாம் ஆண்டுத் திருவிழாவுக்குப் போகக்கூடாது என்றிருந்தேன். லீலாவதி விடவில்லை. சபைமேல் கோபம் என்றால் அம்மன் என்ன செய்வாள் என்று கேட்டு, பிக்கப்பில் மோர்ப் பீப்பாய்களை ஏற்றிவிட்டாள். ஊர்வலத்துக்குப் பின்னால் மோர் வண்டியாக ஊர்ந்து போனோம். எங்கள் வீட்டு நிலைமை அதுதான்.

டிராக்டரில் டியூனர் மின்னிக்கொண்டிருந்தது. அதன் கேபிள் டிராக்டரின் பம்புவரை எட்டவில்லை என்று சேதுவே பிறகு சொன்னான். விளக்குகள் எரிந்தன. சபைக்கு அது போதுமாக இருந்தது. ரதத்தில் பெஞ்சுகளுக்கு மேல் இரண்டாம் அடுக்காகப் பெஞ்சு போட்டிருந்தார்கள். கீழடுக்கில் தலைவர்கள், மேலடுக்கில் ஆலோசகர்கள். அம்மனின் கிரீடமும் இப்போது தெரியவில்லை. லயத்துப் பெண்கள் தேங்காயை எந்தத் திசையில் காட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

பாலத்தின் ஏற்றத்தில் டிராக்டர் நின்றது. பின்சக்கரம் தாரைச் சுரண்டியது. சேது இறங்கி, சனத்தை விலக்கிக்கொண்டு, என் ஜன்னலுக்கு வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே. என் வண்டியில கோளாறு இல்லண்ணே."

"தெரியும்டா தம்பி" என்றேன். "என் வண்டியிலயும் இருந்ததில்ல."

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. இந்த டியூனர் போதவில்லை, இதைவிடப் பெரியது தேவை, அதற்கு ஒரு துணைக்குழு வேண்டும் என்று தலைவர் அறிவித்தார். நிர்வாகிகள் எல்லோரும் அங்கேயே இருப்பதால் கூட்டத்தை ரதத்திலேயே நடத்திவிடலாம் என்றார் பாலகிருஷ்ணன்.

"யாராச்சும் நாலு பேரு எறங்குங்கய்யா!" என்று கத்தினாள் நல்லம்மாள்.

"யாரு எறங்குறதுங்கிறதையும் துணைக்குழு முடிவு பண்ணும்மா" என்று பதில் வந்தது.

அப்போது ரதத்தின் பின்பக்க ஏணி வழியாகப் பண்டாரம் அழகேசன் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். பிக்கப்பின் பின்தட்டைப் பார்த்தார்.

"உமாபதி, மோர எறக்கு."

நல்லம்மாளும் மற்றப் பெண்களும் பீப்பாய்களை உருட்டி இறக்கினார்கள். லீலாவதி தான் கொண்டுவந்திருந்த புதுப்பாயை விரித்தாள். பண்டாரமும் சேதுவும் இன்னும் இரண்டு பேரும் பின் ஏணி வழியாக ஐம்பொன் அம்மனைக் குடையோடு இறக்கிப் பிக்கப்பில் எழுந்தருளச் செய்தார்கள். முன்பக்கம் பெஞ்சில் இருந்தவர்களுக்கு இது தெரியவில்லை. அவர்கள் அம்மனுக்கு முதுகைக் காட்டித்தான் எப்போதும் உட்காருவார்கள்.

இரண்டு லோரி ஒதுங்கிப் போகும் பாலம் அது. டிராக்டரைச் சுற்றிக்கொண்டு முதல் கியரில் ஏறினேன். நாதஸ்வரக்காரர் பார்த்துவிட்டு எங்கள் முன்னால் வந்துவிட்டார். சனம் முழுக்க அம்மனோடு வந்தது. சேது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போனதும், "வண்டி நல்லா இழுக்குதுண்ணே" என்றான்.

"எங்க வீட்டு வண்டி" என்றேன்.

உச்சியில் பண்டாரம் அம்மன் பாதத்தில் இருந்த பட்டுத்துணியை எடுத்து, பின்தட்டிலிருந்து பின்ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஓடுகிற வண்டியிலேயே என் தலையில் சுற்றினார். பொருத்தமாகத்தான் இருந்தது.

அக்கரையில் இறங்கியபோது, பின்னால் ஆளில்லாத ரோட்டில், விளக்கெரியும் ரதத்திலிருந்து ஒலிபெருக்கி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. துணைக்குழுவுக்குத் தலைவர் தேர்வாகிவிட்டார். தோற்றவருக்கு என்ன பதவி கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.